அரசு மானியம் வாங்குற சிறப்புப் பள்ளி, பெற்றோர்கிட்ட ஏன் கைமாத்து கேட்குது? ஆடிட் ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பார்ப்போம் வாங்க



சம்பளம், வரி, எஸ்ஐபி பத்தி எல்லாம் நிறைய பேசியாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் வேற மாதிரி ஒரு கணக்கு. ஆனா இதுவும் நம்ம பணம் சம்பந்தப்பட்டதுதான்.

எங்க தெருப் பையன் ஒருத்தன், திருமழிசை சிட்கோவுல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். கையில வர்ற சம்பளம் மாசம் 32,000. தங்கச்சிக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம், பக்கத்துல இருக்கிற ஒரு சிறப்புப் பள்ளிக்குத்தான் வேன்ல போய்ட்டு வர்றா. போன பிப்ரவரியில அந்தப் பள்ளியில பெற்றோர் கூட்டம் போட்டு, "மத்திய அரசு மானியம் இன்னும் வரல, ஆளுக்கு 15,000 ரூபாய் கைமாத்தா குடுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. அவன் அவசரத் தேவைக்குன்னு சேர்த்து வச்சிருந்தது மொத்தமே 40,000. நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான்.

"அக்கா, அரசாங்கம்தான் பணம் குடுக்குதே, அப்புறம் எதுக்கு எங்ககிட்ட கேட்குறாங்க? ஏமாத்துறாங்களா? பாப்பாவை வேற எங்கயாவது மாத்திடலாமான்னு அம்மா கேட்குறாங்க."

கேள்வி நியாயமானது. ஆனா வேற பள்ளின்னா பூந்தமல்லி தாண்டிப் போகணும், வேன் கிடையாது, அம்மா வேலையை விடணும். தப்பா முடிவெடுத்தா அந்த வீட்டுக்கு மாசம் பத்தாயிரத்துக்கு மேல நஷ்டம். அதனால நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "பள்ளிக்குப் போய் கடைசி ரெண்டு வருஷ ஆடிட் ரிப்போர்ட்டும், மானியத்துக்குக் குடுத்த பயன்பாட்டுச் சான்றிதழும் கேளு. குடுக்கலைன்னா அதுவே ஒரு பதில்."

குடுத்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிச்சோம். அதுல பார்த்ததைத்தான் இங்கே எழுதுறேன். பள்ளி அடையாளம் தெரியக்கூடாதுன்னு எண்களை மாத்திட்டேன், கணக்கோட போக்கு அப்படியேதான் இருக்கு.

பணம் எந்த வழியில வருது?

மாற்றுத்திறனாளிகளுக்காகப் பள்ளி, இல்லம், பயிற்சி மையம் நடத்தணும்னா முதல்ல பதிவுச் சான்று வேணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதோட 50-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குது. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அரசு நிதி உதவி செய்யலாம்னு 55-ஆம் பிரிவு சொல்லுது. "செய்யலாம்"தான், "செய்ய வேண்டும்" இல்லை. அதுவும் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு. இந்த ஒரு சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க. மானியம்ங்கிறது மாசச் சம்பளம் மாதிரி உறுதியான வரவு கிடையாது.

மத்திய அரசுல இதுக்கு இருக்கிற முக்கியமான திட்டம் தீன்தயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம். 1999-ல வேற பேர்ல ஆரம்பிச்சு, 2003-ல இந்தப் பேர் வந்தது. விண்ணப்பம் இ-அனுதான் போர்ட்டல்ல போகும், மாவட்ட அளவுல ஆய்வு நடக்கும், மாநில அரசு பரிந்துரைக்கணும், அப்புறம்தான் டெல்லி. இதுல ரெண்டு விஷயம் வெளியில நிறைய பேருக்குத் தெரியாது. சாதாரண மாவட்டங்கள்ல முழுச் செலவையும் அரசு தராது, 90 சதவீதத்துக்கு மேல போகாது. அந்த 90 கூடப் பள்ளி உண்மையில செய்யற செலவுல இல்லை, திட்ட விதிமுறை ஏத்துக்கிற செலவுலதான்.

நம்ம பள்ளியை எடுத்துக்குவோம். 30 பிள்ளைங்க. வருஷச் செலவு 30 லட்சம். அதுல சம்பளம் மட்டும் 19.2 லட்சம்: ஆறு சிறப்பு ஆசிரியர்கள் ஆளுக்கு 18,000, பிசியோதெரபிஸ்ட் 20,000, டிரைவர் 14,000, ரெண்டு ஆயாம்மா ஆளுக்கு 9,000. பட்டம் வாங்கி, இந்திய மறுவாழ்வு மன்றத்துல பதிவு பண்ணிட்டு வந்து 18,000-க்கு வேலை பார்க்கிறவங்க இவங்க. உங்க முதல் சம்பளத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. மீதி டீசல், வாடகை, சாப்பாடு, பயிற்சிப் பொருட்கள்.

இந்த 30 லட்சத்துல விதிமுறைப்படி ஏத்துக்கப்பட்டது 18 லட்சம். அதுல 90 சதவீதம்னா 16.2 லட்சம். மீதி 13.8 லட்சத்தைப் பள்ளிதான் புரட்டணும். மாசம் 1,500 கட்டணத்துல 5.4 லட்சம் வருது. பாக்கி 8.4 லட்சம் நன்கொடை.

சரி, 16.2 லட்சமாவது ஏப்ரல் 1-ஆம் தேதி வந்துடுமா? வராது. இந்த வருஷம் முதல் தவணை ஆகஸ்ட்லதான் வந்திருக்கு. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் சம்பளத்தை நிர்வாகி நகையை வச்சும், கடன் வாங்கியும் குடுத்திருக்காங்க.

75 சதவீதக் கதவு

பெற்றோர்கிட்ட கைமாத்து கேட்க வேண்டி வந்ததுக்கு நிஜக் காரணம் இங்கேதான் இருக்கு.

மத்திய அரசு மானியத்துக்கு 2017-ஆம் வருஷப் பொது நிதி விதிகள் பொருந்தும். அதுல விதி 238 சொல்றதை நம்ம பாஷையில சொன்னா: வருஷா வருஷம் தர்ற மானியத்துல, போன வருஷப் பணத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் வந்தாத்தான், இந்த வருஷத் தொகையில 75 சதவீதத்துக்கு மேல விடுவிக்கலாம். அதுவரை மீதி நிக்கும். 16.2 லட்சத்துல 75 சதவீதம் 12.15 லட்சம். நிக்கிறது 4.05 லட்சம். அது பள்ளியோட ரெண்டரை மாசச் சம்பளம்! 30 பெற்றோர்கிட்ட ஆளுக்கு 15,000 கேட்டா 4.5 லட்சம். கணக்கு பொருந்துது இல்லையா? அவங்க வாய்க்கு வந்த தொகையைக் கேட்கலை.

அப்போ சான்றிதழ் ஏன் போகலை? போயிருக்கு, ஆனா திரும்பி வந்திருக்கு. படிவம் 12-ஏ-ன்னு பேர். ஒரு பக்கத்து அட்டவணைதான். போன வருஷ மீதி எவ்வளவு, அதுக்கு வந்த வட்டி எவ்வளவு, அந்த வட்டியை அரசுக்குத் திருப்பிக் கட்டியது எவ்வளவு, இந்த வருஷம் வந்தது எவ்வளவு, செலவு, கடைசி இருப்பு.

அந்த மூணாவது கட்டத்துலதான் சிக்கல். மானியப் பணம் சேமிப்புக் கணக்குல கிடந்தப்போ 6,200 ரூபாய் வட்டி வந்திருக்கு. பள்ளி அதைத் தன் வருமானமா காட்டி, பிள்ளைங்களுக்குத் தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் வாங்கிட்டாங்க. நல்ல செலவுதான். ஆனா விதி 230-படி மானியத்துக்கு வர்ற வட்டி பள்ளியோடது இல்லை. கணக்கு முடிஞ்ச உடனே இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்டியாகணும். சான்றிதழ்ல இருந்த தொகையும் தணிக்கைக் கணக்குல இருந்த தொகையும் சரியா 6,200 வித்தியாசம். நவம்பர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இவங்க வட்டியைக் கட்டி, திருத்தி, மறுபடி அனுப்பினப்போ ஜனவரி. 6,200 ரூபாய்க்காக 4.05 லட்சம் நின்னு போச்சு.

இதைப் படிச்சதும் பையன் சொன்னது: "அப்போ திருடலை, கணக்குத் தெரியலை." நான் பார்த்த சின்ன நிறுவனங்கள்ல பெரும்பாலும் நடக்கிறது இதுதான். சிறப்புக் கல்வி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் பள்ளி ஆரம்பிப்பார், கணக்குக்கு வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஆள் வருவார். அரசு விதியைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரலை. பொதுப் பணம், கறாரா இருக்கணும். ஆனா முழு நேரக் கணக்காளரை வைக்கிற அளவுக்கு மானியம் தராம, முழு நேரக் கணக்காளர் இருந்தாத்தான் சமாளிக்க முடியுற விதிகளை வைக்கிறது எனக்குச் சரியாப் படலை.

ஆனா கறார் ஏன் வேணும்?

"ஏமாத்துறாங்களா"ங்கிற பயமும் காரணமில்லாதது கிடையாது. சத்தீஸ்கர்ல ஒரு வழக்கு. மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுக்குன்னு அரசு நிதியில இயங்கினதா சொல்லப்பட்ட ஒரு மையம், காகிதத்துல மட்டும்தான் இருந்ததுங்கிறது குற்றச்சாட்டு. அது எப்படி வெளிய வந்தது தெரியுமா? ராய்ப்பூர்ல வேற இடத்துல ஒப்பந்த ஊழியரா இருந்த ஒருத்தர், தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி விண்ணப்பிச்சார். அப்போதான் தன் பேர்ல இன்னொரு மையத்துல ஏற்கெனவே சம்பளம் போய்க்கிட்டிருக்கிறதா பதிவு இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 ஜனவரியில நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போட்டது. ஆயிரம் கோடி வரைக்கும் முறைகேடுன்னு மனுவுல புகார். வழக்கு அப்புறமும் மேல கீழ போய்க்கிட்டே இருந்தது.

இதைப் படிக்கிற சம்பளக்காரங்க ஒரு தடவை உங்க 26ஏஎஸ், ஏஐஎஸ், பிஎஃப் பாஸ்புக் மூணையும் திறந்து, தெரியாத நிறுவனத்தோட பேர் ஏதாவது இருக்கான்னு பார்த்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

ஆடிட் ரிப்போர்ட்டுல எங்கே பார்க்கணும்?

முதல்ல கடைசிப் பக்கம். ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழ யுடிஐஎன்-னு 18 எழுத்து, எண் கலந்து இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் வருஷம், அடுத்த ஆறு அந்த ஆடிட்டரோட உறுப்பினர் எண். எங்க சங்கமான ஐசிஏஐ-யோட யுடிஐஎன் தளத்துல யார் வேணும்னாலும் இதைப் போட்டுச் சரிபார்க்கலாம், காசு கிடையாது. 2019 ஜூலையில இருந்து எல்லாத் தணிக்கை அறிக்கைக்கும் இது கட்டாயம். எண்ணே இல்லைன்னாலோ, தளத்துல வேற தொகை காட்டினாலோ அந்தக் காகிதத்தை மடிச்சுத் திருப்பிக் குடுத்துடுங்க.

அடுத்து ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணு வரவு-செலவு ரொக்கக் கணக்கு, அதாவது நிஜமா வந்த பணம், போன பணம். இன்னொண்ணு வருமான-செலவினக் கணக்கு, அதாவது அந்த வருஷத்துக்குச் சேர வேண்டியது. மானியம் ரெண்டாவதுல 16.2 லட்சம்னும், முதல்ல 12.15 லட்சம்னும் இருந்தா, மீதி 4.05 லட்சம் பேலன்ஸ் ஷீட்டுல "வர வேண்டிய மானியம்"னு உட்கார்ந்திருக்கணும். அப்படி இருந்தா கணக்கு நேர்மையா எழுதப்பட்டிருக்கு. அதே வரி ரெண்டு மூணு வருஷமா நகராம நின்னா மட்டும் கேள்வி கேளுங்க. அது வராத மானியமாக் கூட இருக்கலாம்.

சம்பளம் வங்கி வழியாப் போகுதா, வாடகை யாருக்குப் போகுதுன்னும் பாருங்க. இந்தப் பள்ளி நிர்வாகியோட தம்பி கட்டடத்துலதான் நடக்குது. அதைக் குறிப்புல ஒளிக்காம எழுதியிருந்தாங்க, வாடகையும் ஊர் நிலவரத்துக்குக் கம்மி. சொந்தக்காரருக்கு வாடகை குடுக்கிறது தப்பில்லை, சந்தை விலைக்கு மேல குடுத்துட்டு மறைக்கிறதுதான் தப்பு.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. வருஷத்துக்கு 25 லட்சத்துக்குக் குறையாம அரசுப் பணம் வந்து, அது மொத்தச் செலவுல 75 சதவீதத்துக்குக் குறையாம இருந்தா, 1971-ஆம் வருஷச் சட்டத்தோட 14-ஆம் பிரிவுப்படி சிஏஜி நேரடியா வந்து கணக்கைப் பார்க்கலாம். கணிசமா அரசுப் பணத்துல நடக்குற தொண்டு நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. நம்ம பள்ளி அந்த அளவு பெருசு இல்லை.

மானியம் வேற, ஒப்பந்தம் வேற

இதைச் சுருக்கமா சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல உலக வங்கிக் கடனோட நடக்குற உரிமைகள் திட்டம், அதுல வர்ற "விழுதுகள்" சேவை மையங்கள் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த மாதிரித் திட்டங்கள்ல தொண்டு நிறுவனம் மானியம் வாங்குறவங்களா இல்லாம, ஒப்பந்தப்படி சேவை தர்றவங்களாவும் வரலாம். அப்போ பயன்பாட்டுச் சான்றிதழை விட, ஒப்பந்தத்துல சொன்ன வேலை முடிஞ்சதான்னுதான் முதல் கேள்வி. பில் போடணும், டிடிஎஸ் பிடிப்பாங்க, ஜிஎஸ்டி விலக்கு இருக்கான்னு பார்க்கணும். 12ஏபி பதிவு இருக்கிற அறக்கட்டளையோட பல சேவைகளுக்கு விலக்கு உண்டு, ஆனா எல்லாத்துக்கும் கிடையாது. உங்க நண்பர் யாராவது தொண்டு நிறுவனத்துல வேலை பார்த்தா, "நாம வாங்குறது மானியமா, ஒப்பந்தத் தொகையா"ன்னு கேட்கச் சொல்லுங்க. இந்தக் குழப்பத்தாலேயே வரி நோட்டீஸ் வாங்கினவங்க இருக்காங்க.

சரி, அவன் 15,000 குடுக்கலாமா?

முதல்ல வரியைத் தள்ளி வைப்போம். எண்கள் எல்லாம் 1961 சட்டப்படி சொல்றேன். 2025-ஆம் வருஷப் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து, அதுல பிரிவு எண்கள் வேற. கைமாத்து நன்கொடை இல்லை, அதுக்கு 80ஜி கிடையாது. தங்கச்சியோட கட்டணத்தை "டொனேஷன்"னு ரசீது போட்டு வாங்கினாலும் அது நன்கொடை ஆகாது. நிஜ நன்கொடைன்னா 2,000-க்கு மேல ரொக்கமாக் குடுத்தா கழிவு கிடையாது, நிறுவனம் 10பிஇ சான்றிதழ் தரணும், பொதுவா பாதித் தொகைதான் கழியும், அதுவும் பழைய வரி முறையில மட்டும்.

அவனுக்கு 80டிடி-யும் பொருந்தும். தன்னைச் சார்ந்து இருக்கிற தங்கச்சி அந்தப் பிரிவுல வருவா. 75,000, குறைபாடு 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000 கழிவு. பெருமூளை வாதத்துக்கு 10-ஐஏ படிவத்துல சான்று வாங்கணும். ஆனா இதுவும் புதிய முறையில கிடையாது. சம்பளக்காரங்களுக்குப் புதிய முறையில 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்லைங்கிறப்போ, வருஷம் நாலரை லட்சம் வாங்குற பையன் எந்தப் பிரிவைப் பிடிச்சாலும் மிச்சமாகப்போறது ஒண்ணும் இல்லை. அதனால வரிக்காகக் குடுக்காத, வரிக்காகக் குடுக்காம இருக்கவும் செய்யாதன்னு சொன்னேன்.

ஒண்ணு மட்டும் தனியா விசாரிக்கச் சொன்னேன். தமிழ்நாடு அரசோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000. அது பள்ளி வழியா வராது, பயனாளி கணக்குக்கே வரும். தங்கச்சிக்கு அது வருதான்னு கேட்டேன். வருது, அம்மா கணக்கைப் பார்த்துக்கிறாங்க. நல்லது.

அப்புறம் தொகை. 40,000 அவசர நிதியில இருந்து 15,000 எடுத்தா மீதி ஒரு மாசச் செலவுக்குக் கூட வராது. திரும்பி வரலைன்னா தாங்கக்கூடிய அளவு எவ்வளவுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சு, "பத்து"ன்னான். பத்தாயிரம் மட்டும், ரொக்கமா இல்லாம வங்கி வழியா. ஒரே ஆள்கிட்ட 20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கக் கடன் வாங்கினா 269எஸ்எஸ் பிரிவுல பள்ளிதான் மாட்டும், அது பள்ளிக்கும் தெரியட்டும்னு சொல்லி அனுப்பினேன். அறங்காவலர்கள் தீர்மானம் போட்டு, யார் யார்கிட்ட எவ்வளவு வாங்கினோம், எப்போ திருப்புவோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னும் சொன்னேன். அந்தக் கடிதத்தைப் பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் குடுத்துச்சு.

அதோட மாசம் 500 நன்கொடை ஆரம்பிச்சான். "கம்ப்யூட்டர் வாங்க", "யூனிஃபார்முக்கு"ன்னு எதுவும் எழுதாம, பொதுச் செலவுக்குன்னு குடுக்கச் சொன்னேன். குறிப்பிட்ட நோக்கத்துக்குக் குடுத்தா, அந்தப் பணத்தை மார்ச் மாசச் சம்பளத்துக்குத் தொட முடியாது. எல்லாரும் பேர் எழுதி வைக்கிற பொருளுக்குத்தான் குடுக்க ஆசைப்படுறாங்க. ஆயாம்மாவோட 9,000-க்கு யாரும் குடுக்கிறதில்லை. இந்த மாதிரிப் பள்ளிக்கு நீங்க குடுக்க நினைச்சா, நிபந்தனை இல்லாத 500 ரூபாய், நிபந்தனையோட வர்ற 2,000-ஐ விட அதிகம் உதவும்னு நான் நினைக்கிறேன்.

மானியப் பாக்கி மார்ச் கடைசி வாரம் வந்துச்சு, அவன் பத்தாயிரமும் வந்துச்சு. கம்பெனியில தினமும் எக்செல்லோட மல்லுக்கட்டுறவன்ங்கிறதால, இப்போ மாசத்துல ரெண்டு சனிக்கிழமை பள்ளிக்குப் போய் வவுச்சருக்கு நம்பர் போட்டு அடுக்கிக் குடுக்கிறான். ஏப்ரல்ல ஒரு நாள் அங்கே இருந்தே போன் பண்ணான்.

"அக்கா, டீசல் பில்லுல வண்டி நம்பர் எழுதணுமா?"

எழுதணும், டிரைவர் கையெழுத்தும் வாங்கிக்கோன்னு சொன்னேன்.